ஸ்பீக்கர் வகைகளும் தேர்வும்: அறையிலிருந்து தொடங்குங்கள்

உயர்தர ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் கேட்கிறார்கள்: டவர் வாங்கலாமா, புக்‌ஷெல்ஃப் போதுமா, எலக்ட்ரோஸ்டாட்டிக் நல்லதா, ஹார்ன் நல்லதா? கேள்வியிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. டவர் (தரையில் நிற்கும் உயரமான பெட்டி), புக்ஷெல்ஃப் (ஸ்டாண்டில் வைக்கும் சிறிய பெட்டி) என்பவை பெட்டியின் உருவம். எலக்ட்ரோஸ்டாட்டிக் என்பது ஒலியை எழுப்பும் முறை. ஹார்ன் என்பது எழுந்த ஒலியைப் புனல் போன்ற வாய் வழியே காற்றில் சேர்க்கும் வழி. ஒரே ஸ்பீக்கர் டவராகவும், ஹார்ன் ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளுக்கான சிறிய யூனிட்) உள்ளதாகவும், போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டியாகவும் இருக்கலாம். மூன்றையும் ஒரே வரிசையில் நிறுத்தி எது உசத்தி என்று கேட்டால் பயனுள்ள பதில் வராது.

ஒரு ஸ்பீக்கரை வகைப்படுத்த நான்கு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒலியை எழுப்புவது எது? வூஃபரின் (பாஸ், அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய யூனிட்) பின்பக்கம் கிளம்பும் ஒலியைப் பெட்டி என்ன செய்கிறது? ஒலி அறைக்குள் எந்தெந்தத் திசையில், எவ்வளவு பரவுகிறது? கிராஸ்ஓவர் (ஒலியைத் தாழ்ந்தது, உயர்ந்தது எனப் பிரித்து அந்தந்த யூனிட்டுக்கு அனுப்பும் சுற்று) ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? விளம்பரங்கள் முதல் கேள்வியைச் சுற்றியே வரும்: பெரிலியம், வைரம், செராமிக். வீட்டில் உட்கார்ந்து கேட்கும்போது அதிகம் தீர்மானிப்பது மூன்றாவது கேள்வியும் அறையும்தான். அதனால் தேர்வை அறையில் தொடங்கி, கூம்பு எதனால் ஆனது என்பதைக் கடைசியில் பாருங்கள்.

ஒலியை எழுப்பும் பாகம்

இன்று விற்கும் ஸ்பீக்கர்களில் மிகப் பெரும்பாலானவை காந்த இடைவெளிக்குள் அசையும் சுருளும் அதோடு ஒட்டிய கூம்பும் கொண்டவை. ஜெனரல் எலக்ட்ரிக்கைச் சேர்ந்த செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்ட வடிவம்தான் இன்றும் அடிப்படை. கூம்பு காகிதமாக இருக்கலாம், பாலிப்ரொப்பிலீன், கெவ்லார், அலுமினியம், செராமிக் என எதுவாகவும் இருக்கலாம். எல்லாப் பொருளும் ஏதோ ஒரு அதிர்வெண்ணுக்கு மேல் ஒரே துண்டாக அசையாமல் அங்கங்கே நெளியத் தொடங்கும். இதைத்தான் பிரேக்-அப் என்கிறார்கள். மென்மையான பொருளில் அது சீக்கிரமே தொடங்கினாலும் அடங்கி ஒலிக்கும். விறைப்பான பொருளில் தாமதமாக வந்து கூர்மையாக மணியடிக்கும். 16 செ.மீ. அலுமினியக் கூம்பில் அந்த மணி சுமார் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸுக்குள் எங்காவது இருக்கும். கிராஸ்ஓவர் அதைப் போதுமான அளவு அமுக்கியிருந்தால் அலுமினியம் அருமையாக ஒலிக்கும். அமுக்காவிட்டால் வயலினும் ஜால்ராவும் காதைக் குத்தும். பொருளின் பெயரைக் கேட்டு முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதுதான் காரணம்.

பெரிலியம், வைர டோம்களின் (ட்வீட்டரின் குமிழ் வடிவப் படலம்) உண்மையான லாபம், அவற்றின் பிரேக்-அப் கேட்கும் எல்லையைத் தாண்டி வெகு தூரம் போய்விடுவது. நல்ல பட்டு டோமோடு ஒப்பிடும்போது வேறுபாடு இருக்கிறது, ஆனால் அறையில் ஸ்பீக்கரை 30 செ.மீ. நகர்த்தினால் வரும் மாற்றம் அதைவிடப் பெரியது. ஒரு எச்சரிக்கை: பெரிலியம் டோம் உடைந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், வேக்யூம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. ட்வீட்டரை டேப்பால் மூடி, தயாரிப்பாளரின் வழிமுறைப்படி அனுப்புங்கள்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் சில மைக்ரான் கனமுள்ள பிளாஸ்டிக் படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம் கொடுத்து, துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே நிறுத்துகிறார்கள். பீட்டர் வாக்கரின் குவாட் ஈஎஸ்எல் 1957-இல் வந்தது. மனிதக் குரலில் அது காட்டிய தெளிவை இன்றும் அளவுகோலாக வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. விலையாகக் கொடுக்க வேண்டியவை: ஆழமான பாஸ் குறைவு, உரத்த ஒலிக்கு எல்லை, அகலமான பேனல் என்றால் ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) ஒரு ஒடுங்கிய கோட்டில் மட்டும் கிடைப்பது. அதிர்வெண் கூடக் கூட இம்பீடன்ஸ் (ஆம்புக்கு ஸ்பீக்கர் காட்டும் மின்தடை) இறங்கி, 20,000 ஹெர்ட்ஸில் 1 முதல் 2 ஓம் வரை வந்துவிடும். பல ஆம்ப்கள் அங்கே திணறும். ஒவ்வொரு பேனலுக்கும் மின் இணைப்பு தேவை. தூசியும் ஈரப்பதமும் சேர்ந்தால் மின்கசிவு ஏற்பட்டு, 'டிக், டிக்' என்ற பொறிச் சத்தமும், ஒரு பக்கம் மட்டும் மெதுவாக ஒலி குறைவதும் தெரியும்.

பிளேனார் மேக்னெட்டிக்கில் படலத்தின் மேலேயே கடத்திக் கம்பி ஓடும். ஜிம் வைனி 1969-இல் தொடங்கிய மேக்னபான் இந்த வகைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதன் இம்பீடன்ஸ் ஏற்றத்தாழ்வு இல்லாமல் 4 ஓமை ஒட்டி நிற்கும், ஆனால் சென்சிடிவிட்டி (கொடுத்த மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பது) குறைவு. நிறைய கரண்ட் தரும் ஆம்ப் வேண்டும். ரிப்பன் ட்வீட்டரில் மெல்லிய அலுமினியப் பட்டையே கடத்தி. ஆஸ்கர் ஹெய்லின் ஏர் மோஷன் டிரான்ஸ்ஃபார்மரில் படலம் மடிப்பு மடிப்பாக இருந்து காற்றைப் பிழிந்து தள்ளும். இவை இரண்டும் பெரும்பாலும் ட்வீட்டராக மட்டுமே வருகின்றன. உயரமான ரிப்பனில் மேலும் கீழும் ஒலி குறைவாகவே பரவும், ஆகவே நாற்காலியின் உயரம் முக்கியம்.

பெட்டியும் பாஸும்

ஆழமான பாஸ், சிறிய பெட்டி, அதிக சென்சிடிவிட்டி: இந்த மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இதைச் சொல்வார்கள். கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் ஹெச் எழுத்துக்கு உரிய அந்த ஹாஃப்மன்தான். கையடக்கப் பெட்டி, 30 ஹெர்ட்ஸ் பாஸ், 90 டெசிபல் சென்சிடிவிட்டி என்று மூன்றையும் ஒரே விவரத் தாளில் பார்த்தால், ஏதோ ஒரு எண்ணை நம்பக்கூடாது.

மூடிய பெட்டியை வீட்டு ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தவர் எட்கர் வில்சர். அவருடைய ஏஆர்-1 ஸ்பீக்கர் 1954-இல் வந்தது. பாஸின் எல்லைக்குக் கீழே மூடிய பெட்டியின் ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 12 டெசிபல் வீதம் மெதுவாக இறங்கும். போர்ட் வைத்த பெட்டி அதே வூஃபரிலிருந்து இன்னும் கொஞ்சம் ஆழமும் அளவும் தரும், ஆனால் எல்லைக்குக் கீழே 24 டெசிபல் வீதம் சரியும். அதோடு, போர்ட் டியூன் செய்யப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லை. கூம்பு அளவுக்கு மீறி அலையும். இசைத்தட்டு வளைந்திருந்தால் வூஃபர் ஊசலாடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இந்தக் கணக்குகளைச் சூத்திரமாக்கியவர்கள் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும்; இன்று எந்த வூஃபரின் தாளிலும் வரும் டிஎஸ் எண்கள் அவர்கள் பெயரில் உள்ளவை.

சிறிய அறைக்கு மூடிய பெட்டியையே நாங்கள் விரும்புவோம். சுவர்கள் கொடுக்கும் பாஸ் கூடுதலும் பெட்டியின் மெதுவான இறக்கமும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும், சப்வூஃபரோடு இணைப்பதும் சுலபம். ஏற்கெனவே போர்ட் பெட்டி இருந்து பாஸ் வீங்கினால், கூட வரும் நுரை அடைப்பானைப் போர்ட்டில் செருகிப் பாருங்கள். இழப்பதற்கு ஒன்றும் இல்லை.

பேசிவ் ரேடியேட்டர் (சுருள் இல்லாத கூடுதல் கூம்பு) போர்ட்டின் வேலையையே காற்றுச் சீறல் இல்லாமல் செய்யும். டிரான்ஸ்மிஷன் லைனில் பின்னொலி நீண்ட, பஞ்சு நிரப்பிய பாதை வழியே வெளியே வரும். ஓப்பன் பேஃபிளில் பெட்டியே இல்லை, யூனிட்கள் ஒரு திறந்த பலகையில் இருக்கும்.

ஒலி பரவும் திசை

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்துக்கு அருகில் வந்ததும் ஒலி ஒடுங்கத் தொடங்கும். 16.5 செ.மீ. வூஃபருக்கு அது சுமார் 2,080 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் 25 மி.மீ. ட்வீட்டர் எடுத்துக்கொள்ளும்போது, ஒடுங்கியிருந்த ஒலி திடீரென்று அகலமாகப் பரவும். நேராக அளந்தால் கோடு சமமாகத்தான் இருக்கும். பக்கவாட்டில் போகும் ஒலியிலோ 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளமும், 3,000 முதல் 5,000 வரை மேடும் இருக்கும். அந்த ஒலி பக்கச் சுவரில் பட்டு நம் காதுக்குத்தான் வருகிறது. கடையில் 'தெளிவு' என்று பட்டது வீட்டில் அரை மணி நேரத்தில் அலுப்பாக மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைத் தீர்க்கப் பல வழிகள் உண்டு. ட்வீட்டரைச் சுற்றி ஆழமற்ற குழிவு வைத்து அதன் பரவலை வூஃபரோடு பொருத்தலாம். வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை வைக்கலாம். டேனாயின் டூயல் கான்சென்ட்ரிக் 1947-லிருந்தும், கேஈஎஃபின் யூனி-க்யூ 1988-லிருந்தும் வருகின்றன. நடுவில் சிறிய மிட்ரேஞ்ச் (இடைப்பட்ட ஒலிகளுக்கான யூனிட்) சேர்த்து மூன்று வழியாக்கலாம். ஹார்ன் வைத்தால் பரவல் கட்டுக்குள் வருவதோடு சென்சிடிவிட்டியும் 100 டெசிபல் தாண்டலாம். பால் கிளிப்ஷ் 1946-இல் கொண்டுவந்த கிளிப்ஷ்ஹார்ன் அறையின் மூலையையே பாஸ் ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்துகிறது. மூலை இல்லாத அறையில் அதை வாங்கக்கூடாது என்பதும் அதிலேயே அடங்கிவிடுகிறது.

பேனல்களும் ஓப்பன் பேஃபிளும் டைபோல்: முன்னும் பின்னும் சமமாக ஒலிக்கும், பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றும் வராது. பக்கச் சுவர் நெருக்கமாக இருக்கும் அறைக்கு இது வரம். பின்னால் குறைந்தது 1 மீட்டர் இடம் இல்லையென்றால் அதே டைபோல் சுமையாகிவிடும். கார்டியாய்டு வகையில் (டச் அண்ட் டச் 8சி, கீ த்ரீ போன்றவை) பின்பக்க ஒலியை ரத்து செய்கிறார்கள். சுவரோரம் வைத்தே ஆக வேண்டியவர்களுக்கு நல்ல தீர்வு.

விவரத் தாளில் பார்க்க வேண்டியது ஸ்பினோராமா, அதாவது பல திசைகளில் அளந்த ஒலியை ஒன்றாகக் காட்டும் வரைபடம். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பின்னர் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்திலும் ஃப்ளாய்ட் டூல் செய்த ஆய்வுகளின் வழி வந்தது. கிடைமட்டத்திலும் செங்குத்திலும் 10 டிகிரிக்கு ஒன்றாக மொத்தம் 70 அளவீடுகள். நேர்கோட்டு வளைவு சமமாகவும், முதல் எதிரொலிகளின் வளைவும் மொத்த ஒலியின் வளைவும் மேடு பள்ளம் இல்லாமல் வழுவழுப்பாகச் சரிந்தும் இருந்தால் நல்ல அறிகுறி. வரைபடம் கிடைக்காவிட்டால் காதாலேயே சோதிக்கலாம். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை ஒலி) ஓடவிட்டு, நேர் எதிரிலிருந்து பக்கவாட்டில் 60 டிகிரி வரை மெதுவாக நடந்து பாருங்கள். 'ஷ்ஷ்' ஒலி படிப்படியாக மங்கினால் சரி. ஒரு இடத்தில் மூக்கடைத்தது போலவோ, சீறலாகவோ மாறினால் அந்தப் பொருத்தம் சரியில்லை. அடுத்து உட்கார்ந்து எழுந்திருங்கள். எழுந்ததும் குரலின் நடுப்பகுதி குழிந்துபோனால், அந்த ஸ்பீக்கருக்குக் காது உயரம் துல்லியமாக அமைய வேண்டும் என்று பொருள்.

அறையின் கணக்கு

ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அறையின் நீளத்தை இரட்டித்து 343-ஐ அதனால் வகுத்தால் முதல் ஒத்திசைவு கிடைக்கும். 5 மீட்டருக்கு 34 ஹெர்ட்ஸ், 4 மீட்டருக்கு 43, 3 மீட்டருக்கு 57. இவை ஒன்றின் மேல் ஒன்று விழாமல் இருப்பது நல்லது. சதுர அறை மோசம், நீளம் அகலம் உயரம் மூன்றும் ஒன்றான அறை அதைவிட மோசம். 5×4×3 மீட்டர் அறையில், எதிரொலி அடங்கும் நேரம் 0.4 விநாடி என்றால், ஏறக்குறைய 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறையின் கைதான் ஓங்கியிருக்கும்.

வூஃபருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரமும் ஒரு பள்ளத்தை உண்டாக்கும்: 343-ஐ தூரத்தின் நான்கு மடங்கால் வகுங்கள். 60 செ.மீ. என்றால் 143 ஹெர்ட்ஸ், 1 மீட்டர் என்றால் 86, 30 செ.மீ. என்றால் 286. ஆண் குரலின் கனமும் செல்லோவின் உடலும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பின்சுவர், பக்கச் சுவர், தரை மூன்றுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருந்தால் மூன்று பள்ளங்களும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். மூன்றையும் வெவ்வேறாக வையுங்கள். ஒன்று மற்றொன்றின் இரட்டிப்பாகவும் இருக்க வேண்டாம்.

தொடக்கமாக, இரண்டு ஸ்பீக்கர்களும் நாற்காலியும் சமபக்க முக்கோணம். நாற்காலி அறை நீளத்தில் ஏறக்குறைய 38 சதவீதத்தில். ட்வீட்டர் காது உயரத்தில், அதாவது 95 முதல் 100 செ.மீ. புக்‌ஷெல்ஃப் வகைக்கு 60 செ.மீ. ஸ்டாண்ட் பெரும்பாலும் சரியாக வரும். பிறகு 5 செ.மீ. வீதம் நகர்த்திக் கேளுங்கள். நாற்காலிக்குப் பின்னால் சுவர் ஒட்டியிருந்தால் எந்த ஸ்பீக்கரும் பாஸில் வீங்கித்தான் கேட்கும்.

சென்சிடிவிட்டி, ஓம், வாட்

சென்சிடிவிட்டி என்பது 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளக்கும் டெசிபல். 8 ஓமில் அது 1 வாட், 4 ஓமில் 2 வாட். 4 ஓம் ஸ்பீக்கரின் 89 டெசிபலும் 8 ஓம் ஸ்பீக்கரின் 86 டெசிபலும் வாட் கணக்கில் ஒன்றே. தயாரிப்பாளர்கள் சொல்லும் எண்ணிலிருந்து 2, 3 டெசிபல் கழித்துக்கொள்வது பாதுகாப்பு.

86 டெசிபல், 8 ஓம் ஸ்பீக்கர் ஜோடியிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சாதாரண அறையில் தூரத்தால் சுமார் 6 டெசிபல் குறைந்து, இரண்டாவது ஸ்பீக்கரால் 3 கூடும். 1 வாட்டுக்கு 83 டெசிபல். நிதானமாகக் கேட்க அதுவே போதும். ஆனால் நல்ல பதிவுகளில் உச்சங்கள் சராசரியைவிட 20 டெசிபல் எகிறும். அந்தக் கணத்துக்கு 100 வாட் தேவை. 92 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட் போதும், 83 டெசிபல் என்றால் 200 வாட். ட்வீட்டர்கள் எரிவது பெரிய ஆம்ப்களால் மட்டுமல்ல. சிறிய ஆம்பை எல்லைக்கு மேல் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, சராசரி மின்சக்தி கூடி, மெல்லிய சுருள் கருகும்.

'8 ஓம்' என்ற பெயரளவு எண்ணைவிடக் குறைந்தபட்ச ஓம் முக்கியம். வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் வைத்திருப்பவர்கள் இதை விட்டுவிடக்கூடாது: ஆம்பின் வெளியீட்டுத் தடை 2 ஓம், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் 4 முதல் 20 ஓம் வரை ஏறி இறங்குகிறது என்றால், அதுவே 2.7 டெசிபல் ஏற்றத்தாழ்வைக் கொண்டுவரும். கேபிளில் மாயம் ஒன்றும் இல்லை. 5 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு போட்டால் போகவரத் தடை 0.07 ஓம், 3 ஓம் வரை இறங்கும் ஸ்பீக்கருக்கும் அது தாராளம்.

கிராஸ்ஓவர் ஆம்புக்கு முன்னால் இருந்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி ஆம்ப் உள்ளே இருந்தால் அது ஆக்டிவ். மேலே சொன்ன பொருத்தக் கவலைகளை வடிவமைத்தவரே தீர்த்துவிடுகிறார். ஆம்ப் மாற்றி மாற்றிச் சுவைக்கும் ஆசை இல்லாதவர்களுக்கு இதுவே புத்திசாலித்தனமான செலவு என்பது எங்கள் கருத்து. உள்ளே இருக்கும் மின்னணுப் பலகைக்கு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

கேட்டுப் பார்க்கும்போதும், பழையது வாங்கும்போதும்

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலி அளவு சமமாக இல்லையென்றால் அந்த ஒப்பீடு செல்லாது. 1 டெசிபல் உரக்க ஒலிப்பது 'மேலானது' என்றே காதுக்குப் படும். 500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான பிங்க் நாய்ஸ் போட்டு, மீட்டரில் அரை டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். முதலில் ஒரே ஒரு ஸ்பீக்கரில் மோனோவாகக் கேளுங்கள். ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும் நிறக்கலப்பு அப்போதுதான் பளிச்சென்று தெரியும். நன்றாகப் பழகிய மனிதக் குரல், தனி பியானோ, நெரிசலான வாத்தியக் குழு, ஏறி இறங்கும் பாஸ் வரி என்று எடுத்துப் போங்கள். பாஸ் வரியில் ஒரு சுரம் மட்டும் முழங்கினால் அது அந்த அறையின் குணமாக இருக்கலாம். முடிந்தால் ஜோடியை வீட்டுக்குக் கொண்டுவந்து கேளுங்கள்.

பழையதில் முதலில் வூஃபரின் ஓரத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். நுரை ஓரம் 10 முதல் 20 ஆண்டுகளில் பொடியாகும், ரப்பர் நீடிக்கும். மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். கூம்பை நான்கு விரலால் சமமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசல் கேட்டால் சுருள் மையம் விலகியிருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பில் தொட்டால் வூஃபர் வெளியே வர வேண்டும் (சில பழைய ஜேபிஎல் மாடல்களில் இது எதிர்மாறு). இரண்டும் ஒரே பக்கம் அசைந்தால் போதும். மெல்லிய ஒலியில் 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் (அதிர்வெண் படிப்படியாக ஏறும் சோதனை ஒலி) ஓடவிட்டால் தளர்ந்த திருகு, ஒட்டு விட்ட டஸ்ட் கேப் (கூம்பின் நடு மூடி) எல்லாம் தாமாகவே காட்டிக் கொடுக்கும். ட்வீட்டர் ஒவ்வொன்றுக்கும் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். தொடர் கெப்பாசிட்டர் குறுக்கே இருப்பதால் முனையில் மல்டிமீட்டர் வைத்தால் ட்வீட்டரின் நிலை தெரியாது. நான்கு முனை உள்ள பெட்டியில் இணைப்புத் தகடு தொலைந்திருந்தால் பாதி ஸ்பீக்கர் மட்டுமே ஒலிக்கும். பழுது என்று நினைத்து நல்ல ஜோடியை விட்டுவிட வேண்டாம். ஒரு பக்கம் ட்ரெபிள் மங்கியிருந்தால், கிராஸ்ஓவரில் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வயதானதா அல்லது ட்வீட்டருக்குள் ஃபெர்ரோஃப்ளூயிட் (சுருளைச் சுற்றியுள்ள காந்தத் திரவம்) காய்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் இடம் உறுதியானபின், யூமிக்-1 போன்ற அளவை மைக்கும் ஆர்ஈடபிள்யூ மென்பொருளும் கொண்டு நாற்காலியில் அளந்து பாருங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே துருத்தி நிற்கும் மேடுகளை மட்டும் ஈக்வலைசரில் வெட்டுங்கள். பள்ளங்களை நிரப்ப முயல வேண்டாம்: ரத்தாகும் ஒலியில் எவ்வளவு கூட்டினாலும் எதிரொலியும் அதே அளவு கூடி அதை மீண்டும் ரத்து செய்யும், ஆம்பும் வூஃபரும்தான் களைக்கும். அந்தப் பள்ளத்துக்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோதான் நகர்த்த வேண்டும்.